டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்: சொந்த டைப்பிஸ்ட்டா, வெளி நிறுவனமா? 150 படுக்கை மருத்துவமனைக்கு ஒரு செலவுக் கணக்கு

மருத்துவமனை நிர்வாகக் கூட்டத்தில் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர் பேசியதையும் எழுதியதையும் டைப் செய்து ஆவணமாக்கும் வேலை, பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டே எண்கள்தான் மேசைக்கு வரும். ஒன்று, டைப்பிஸ்ட்டுகளின் மாதச் சம்பளம். மற்றொன்று, வெளி நிறுவனம் ஒரு லைனுக்குக் கேட்கும் விலை. எது குறைவோ அதற்குக் கையெழுத்தாகிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எம்.ஆர்.டி. என்ற மருத்துவ ஆவணப் பிரிவில் சம்மரிகள் தேங்கிக் கிடக்கும், அல்லது ரேடியாலஜிஸ்ட் தன் ரிப்போர்ட்டைத் தானே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பார். அந்த இரண்டு எண்களிலும் சேராத செலவு அவ்வளவு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள 150 படுக்கை தனியார் மருத்துவமனையை மாதிரியாக வைத்து, இரண்டு முறைகளையும் இங்கே மதிப்பிடுகிறோம். சம்பளம், லைன் விலை, வேலை அளவு மூன்றும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. விகிதங்கள் சட்டப்படி உள்ளவை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: டிஸ்சார்ஜ் சம்மரியை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஓ.டி. நோட்ஸையும் (ஆபரேஷன் குறிப்புகள்) வெளியே கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளாதீர்கள்.

வேலை எவ்வளவு என்று முதலில் அளந்துவிடுங்கள்

இந்தத் தொழிலில் அளவு என்பது லைன். ஸ்பேஸையும் சேர்த்து 65 எழுத்து ஒரு லைன். அமெரிக்க மருத்துவமனைகளின் டிக்டேஷனைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உட்கார்ந்து டைப் செய்த காலத்திலிருந்து இங்கேயும் அதே கணக்குதான். பக்கக் கணக்கும் நிமிடக் கணக்கும் சில இடங்களில் உண்டு. இரண்டையும் தவிர்ப்பது நல்லது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடும். டாக்டர் நிறுத்தி நிறுத்திப் பேசினால் நிமிடம் கூடும்.

நம் மாதிரி மருத்துவமனையில் மாதம் 700 டிஸ்சார்ஜ், ஒவ்வொரு சம்மரியும் சுமார் 70 லைன், ஆக 49,000 லைன். அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. சேர்ந்து நாளுக்கு 60, மாதம் 26 நாள் என்று 1,560 ரிப்போர்ட், தலா 20 லைன், ஆக 31,200. ஓ.டி. நோட்ஸ் 250, தலா 30 லைன், 7,500. கூட்டினால் 87,700 லைன். இந்த எண் கையில் இல்லாமல் எந்த நிறுவனத்திடமும் விலை கேட்காதீர்கள். அளவு தெரியாதவரிடம் குறைந்தபட்ச மாத பில் என்ற நிபந்தனையைச் சுலபமாக ஏற்றிவிடுவார்கள்.

அளப்பதும் எளிது. போன மாதத்தின் சம்மரிகளில் 50 எடுங்கள். ஒவ்வொன்றையும் வேர்டில் திறந்து, ரிவ்யூ டேபில் உள்ள வேர்ட் கவுண்ட்டை அழுத்தி, ஸ்பேஸ் சேர்ந்த எழுத்து எண்ணிக்கையை 65-ஆல் வகுத்துச் சராசரி பாருங்கள். ஹெடர், ஃபூட்டரில் உள்ள மருத்துவமனைப் பெயர், முகவரி எல்லாம் இந்த எண்ணிக்கையில் சேராது. அதுதான் நமக்கு வேண்டியதும்.

சொந்த டைப்பிஸ்ட்: சம்பளத்துக்கு மேலே ஏறுவது

ஒரு டைப்பிஸ்ட்டுக்கு மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படை 15,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.இல் மருத்துவமனையின் பங்கு 12 சதவீதம், அதோடு நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், 1,950 ரூபாய். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. உண்டு: 3.25 சதவீதம், 585 ரூபாய். போனஸுக்கு மாதம் 1,000 ஒதுக்குங்கள். கிராஜுவிட்டிக்கு அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 720. இதுவரை 22,255. கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., ஆடியோவை நிறுத்தி ஓட்டும் கால் பெடல், ஹெட்போன், நாற்காலி எல்லாம் சேர்த்து 60,000 ஆகி, அது நான்கு வருடம் உழைத்தால் மாதம் 1,250. கரண்ட், ஏ.சி., சாஃப்ட்வேர் லைசென்ஸ் 1,500. ஆக 18,000 ரூபாய் டைப்பிஸ்ட் நமக்கு 25,000 ரூபாய் ஆகிறார்.

இனி அவர் எவ்வளவு அடிப்பார்? இங்கேதான் பல கணக்குகள் சறுக்குகின்றன. நல்ல ஆடியோ, பழகிய டாக்டர், கால் பெடல், இடையூறில்லாத அறை என்று எல்லாம் அமைந்தால் அனுபவசாலி ஒருவர் ஒரு ஷிப்ட்டில் 1,000 லைனைத் தாண்டுவார். மருத்துவமனைக்குள் அந்தச் சூழல் கிடைப்பதில்லை. ஃபோன் வரும், காப்பீட்டு வேலையைப் பார்க்கும் டி.பி.ஏ. டெஸ்க்கிலிருந்து ஆள் வந்து நிற்பார், அட்டெண்டர் கேஸ் ஷீட்டைக் கொண்டுவர அரை மணி ஆகும். 700 லைன் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. லீவு, பண்டிகை கழித்தால் மாதம் 24 நாள். ஆக 16,800 லைன். 25,000-ஐ இதனால் வகுத்தால் லைனுக்கு 1.49 ரூபாய்.

அதே ஆள் 1,000 லைன் அடித்தால் 1.04. பில்லிங் கவுண்ட்டரில் ஆள் இல்லை என்று அவரை அங்கே உட்காரவைத்து 450-க்கு இறக்கினால் 2.31. டைப்பிஸ்ட்டின் சம்பளத்தை 1,000 ரூபாய் குறைப்பதைவிட, அவரை அவர் நாற்காலியிலேயே விட்டுவைப்பதில் மிச்சம் அதிகம். சொந்த ஆள் வைத்திருக்கும் மருத்துவமனைகள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான், அதற்குப் பைசா செலவில்லை.

87,700 லைனுக்கு ஐந்து பேர் போட்டால் 84,000தான் முடியும், 3,700 லைன் மிஞ்சும். அதற்காக ஆறாவது ஆள் வேண்டும். ஆறு பேருக்கு 1,50,000. இவர்கள் வேலையைப் படித்துப் பார்க்க ஒரு சீனியர் வேண்டும்: சம்பளம் 26,000, இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல், பி.எஃப்., கிராஜுவிட்டி, மேசைச் செலவு எல்லாம் சேர்த்துச் சுமார் 31,500. மொத்தம் மாதம் 1,81,500 ரூபாய், லைனுக்கு 2.07.

சீனியரை வெட்டிவிட்டால் மிச்சமாயிற்றே என்று தோன்றும். வெட்டாதீர்கள். ப்ரூஃப் பார்க்காத சம்மரி டாக்டரின் மேசைக்குப் போனால் அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார், அல்லது படித்துத் திருத்தக் கால் மணி செலவழிக்கிறார். முதலாவது நோயாளிக்கு ஆபத்து. இரண்டாவதில் செலவாவது மருத்துவமனையிலேயே விலை உயர்ந்த கால் மணி.

சொந்த அணியில் இன்னும் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, ஆள் விலகுவது. புதிதாகச் சேர்பவர் 700 லைனை எட்ட இரண்டு மூன்று மாதமாகும், அதுவரை முழுச் சம்பளத்துக்குப் பாதி வேலைதான். மற்றொன்று, ஒரு குறிப்பிட்ட டாக்டரின் கையெழுத்தும் பேச்சும் ஒரே ஒரு டைப்பிஸ்ட்டுக்குத்தான் புரியும் என்ற நிலை. அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அந்த யூனிட்டின் சம்மரிகள் அப்படியே நிற்கும். மாதம் ஒருமுறை டாக்டர்களை மாற்றிக் கொடுப்பதுதான் இதற்கு மருந்து. வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

வெளி நிறுவனம்: லைன் விலைக்குள் ஒளிந்திருப்பது

நிறுவனம் லைனுக்கு 1.40 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஏறுவது ஜி.எஸ்.டி., 18 சதவீதம். மற்ற தொழில்கள் இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மருத்துவமனையின் சிகிச்சைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் நாம் கழித்துக்கொள்ள வழியில்லை. அந்த 18 சதவீதம் முழுவதும் நம் கைச்செலவு. 1.40 என்பது 1.652 ஆகிறது. 87,700 லைனுக்கு 1,44,880 ரூபாய். விலைப் பட்டியலை ஒப்பிடும்போது இதைச் சேர்க்காமல் விடும் கணக்காளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, லைன் என்றால் எது? ஒப்பந்தத்தில் 65 எழுத்து என்று எழுதாவிட்டால் பில்லில் கிராஸ் லைன் வரும். திரையில் ஒரு வரியில் ஏதாவது இருந்தாலே அது ஒரு லைன். சம்மரியின் கடைசியில் வரும் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். எட்டு மருந்து, எட்டு வரி. மாத்திரைப் பெயர், மில்லிகிராம், 1-0-1, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று ஒவ்வொரு வரியும் சராசரியாக 40 எழுத்து. மொத்தம் 320 எழுத்து, 65-ஆல் வகுத்தால் ஐந்து லைன்கூட முழுதாக வராது. கிராஸ் கணக்கில் அது எட்டு. ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்தால் வித்தியாசம் இதைவிட மோசமாகும். ஆவணம் முழுவதிலும் எண்ணிக்கை 25 சதவீதம் கூடினால், 1,44,880 என்பது 1,81,100 ஆகிவிடும். விலையைப் பேரம் பேசிப் பத்துப் பைசா குறைத்த மகிழ்ச்சியெல்லாம் இந்த ஒரே சொல்லில் போய்விடும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஸ்பேஸ், டேப், தடித்த எழுத்துக்கான கட்டளை எல்லாவற்றையும் எண்ணிப் பில் போட்ட வழக்கத்தால் யார் கணக்கும் யாருடைய கணக்கோடும் ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் எண்ணுங்கள் என்று 2007-ல் அந்தத் துறையின் அமைப்புகளே பரிந்துரை செய்ய வேண்டியதாயிற்று. எந்த முறையானாலும் சரி, நம் கம்ப்யூட்டரில் நாமே எண்ணிச் சரிபார்க்க முடிகிற முறையாக இருக்க வேண்டும்.

அடுத்தது டெம்ப்ளேட். இயல்பான வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ரேடியாலஜிஸ்ட் சொல்வது நோயாளியின் பெயர், யு.எச்.ஐ.டி. எண் (மருத்துவமனை ஒவ்வொரு நோயாளிக்கும் தரும் தனி எண்), சிறுநீரக அளவுகள், எல்லாம் நார்மல் என்ற சொல். மிச்சம் 15 லைன் டெம்ப்ளேட்டிலிருந்து தானாக விழுகிறது. அந்த 15 லைனுக்கும் முழு விலை கொடுக்க வேண்டுமா? டெம்ப்ளேட் எழுத்துக்குப் பாதி விலை, அல்லது நார்மல் ரிப்போர்ட்டுக்கு நிலையான ஒரு தொகை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், கேட்டால் மட்டும்.

அவசர வேலைக்குத் தனி விலை, ஞாயிறு வேலைக்குத் தனி விலை, நம் எச்.ஐ.எஸ். என்ற மருத்துவமனை சாஃப்ட்வேரோடு இணைக்க ஒருமுறைக் கட்டணம் ஆகியவையும் பட்டியலில் இருக்கும். இவற்றுக்கு மேல், வெளியே கொடுத்துவிட்டோம் என்பதற்காக உள்ளே ஆளே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆடியோ போய்ச் சேர்ந்ததா, புரியாமல் வெற்றாக விட்ட இடம், அதாவது பிளாங்க், எத்தனை, எந்த டாக்டரிடம் கேட்டு நிரப்புவது, எந்த ரிப்போர்ட் யாருடைய எண்ணில் ஏறியது என்று பார்க்க அரை ஆள் வேலை உண்டு: 12,500. சீனியரின் பாதி நேரம்: 15,750. ஆக 65 எழுத்துக் கணக்கில் மொத்தம் 1,73,130, லைனுக்கு 1.97. கிராஸ் லைன் கணக்கு என்றால் 2,09,350, லைனுக்கு 2.39.

சொந்த அணிக்கு 2.07. வெளி நிறுவனம் 1.97-ஆ, 2.39-ஆ என்பது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வாக்கியம் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. இரண்டு முறைக்கும் இடையில் மாதம் 8,000 ரூபாய்தான் வித்தியாசம் என்றால், வேறு எதைப் பார்த்து முடிவெடுப்பது?

டாக்டரின் நேரம்

ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருத்த ரேடியாலஜிஸ்ட்டுக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது என்றால், 1,560 ரிப்போர்ட்டுக்கு 26 மணி நேரம். மாதம் 200 மணி நேரத்துக்கு மூன்று லட்சம் வாங்கும் டாக்டர் என்றால் மணிக்கு 1,500. அந்த ஒரு நிமிடத்தின் மாத விலை 39,000 ரூபாய். மேலே சொன்ன 8,000 ரூபாய் வித்தியாசம் இதன் முன்னால் நிற்காது. ஆகவே எந்த நிறுவனத்தையும் முதலில் தரத்தில் அளந்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

தரம் என்று எல்லா நிறுவனமும் 98, 99 சதவீதம் என்றே சொல்லும். அந்தச் சதவீதத்தைச் சொல் கணக்கில் எடுத்தால் 500 சொல் உள்ள சம்மரியில் ஐந்து பிழைவரை இருந்தாலும் 99 சதவீதம்தான். அந்த ஐந்தும் கமாவாக இருந்தால் ஒன்றுமில்லை. ஒன்று இடது, வலது மாறியதாக இருந்தால்? பிழைகளை எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாதவை இவை: நோயாளியின் பெயர், யு.எச்.ஐ.டி. எண் மாறுவது, இடது, வலது மாறுவது, 'இல்லை' என்ற சொல் விழுந்துபோவது (எலும்பு முறிவு இல்லை என்பது இருப்பதாகிவிடும்), ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (அதிகம்), ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, தசமப் புள்ளி, சென்டிமீட்டர், மில்லிமீட்டர், ஒலி ஒத்த மருந்துகள் ஆகியவற்றில் வரும் குழப்பம். ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் காதில் ஏறக்குறைய ஒன்றுதான். டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சில் சிரமம். ஆடியோ சற்றே கரகரத்தால் அனுபவமில்லாதவர் எதையாவது ஒன்றை அடித்துவிடுவார். நல்ல டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் அந்த இடத்தைப் பிளாங்காக விட்டு, ஆடியோவில் எத்தனையாவது விநாடி என்று குறித்து அனுப்புவார். பிளாங்க்கே வராத நிறுவனத்தைப் பார்த்து மகிழாதீர்கள், கவலைப்படுங்கள்: அங்கே யாரோ ஊகித்து நிரப்புகிறார்கள்.

டெம்ப்ளேட்டிலிருந்து வரும் பிழை இன்னொரு ரகம். பித்தப்பை நீக்கப்பட்டவரின் ரிப்போர்ட்டில் பித்தப்பை நார்மல் என்று இருக்கும். ஆண் நோயாளிக்குக் கர்ப்பப்பை நார்மல் என்று விழும். இது உள்ளே, வெளியே இரண்டிலும் நடக்கிறது. தடுக்க வழி உண்டு. ஆண், பெண் டெம்ப்ளேட்டைத் தனித்தனியாக வைத்து, யு.எச்.ஐ.டி.யில் உள்ள பாலினத்தைக் கொண்டே அது திறக்கும்படி செய்யுங்கள். உறுப்பு நீக்கப்பட்டிருந்தால் டாக்டர் டிக்டேஷனின் முதல் வாக்கியத்திலேயே சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கர்ப்பிணிகளின் ஸ்கேன் டெம்ப்ளேட்டில் சிசுவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதிக்கும் 1994-ஆம் ஆண்டு பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படியான உறுதிமொழி இருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். வெளிமாநில நிறுவனம் தன்னிடம் உள்ள பொது டெம்ப்ளேட்டைப் போடும்போது விட்டுப்போவது இதுதான்.

டாக்டர்கள் பேசும் முறைக்கும் இதில் பங்குண்டு. நம் டாக்டர்கள் ஆங்கிலத்தில் தொடங்கி, நோயாளி சொன்னதைத் தமிழிலேயே சொல்லி, மீண்டும் ஆங்கிலத்துக்குப் போவார்கள். 'மூணு நாளா நெஞ்சு எரிச்சல், ரேடியேட்டிங் டு லெஃப்ட் ஆர்ம்' என்று வந்தால் தமிழ் தெரியாத டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் அங்கே பிளாங்க் விடுவார். வெளி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நம் கணக்கைப் பார்ப்பவர்களில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர் விஷயத்திலும் அப்படித்தான். ஒரே நாளில் மூன்று முருகன், இரண்டு லட்சுமி சேர்ந்திருப்பார்கள். இனிஷியல் மட்டும் நம்பகமில்லை, ஒவ்வொரு ஆடியோவும் யு.எச்.ஐ.டி. எண்ணோடுதான் தொடங்க வேண்டும்.

சம்மரியை ஏன் வெளியே அனுப்ப வேண்டாம் என்கிறோம்

ஸ்கேன் ரிப்போர்ட் முழுக்க முழுக்க ஆடியோ. டாக்டர் படத்தைப் பார்க்கிறார், பேசுகிறார், முடிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி அப்படியல்ல. நம் ஊர் மருத்துவமனைகளில் அதைக் கன்சல்டன்ட் முழுதாக டிக்டேட் செய்வது அரிது. டியூட்டி டாக்டர் கையால் ஒரு டிராஃப்ட் எழுதுவார், லேப் முடிவுகள் வேறொரு சாஃப்ட்வேரில் இருக்கும், ஆபரேஷன் விவரம் ஓ.டி. ரெஜிஸ்டரில், கடைசி நாள் மாற்றிய மருந்து நர்ஸின் சார்ட்டில். டைப்பிஸ்ட் கேஸ் ஷீட்டைப் புரட்டி இவற்றைச் சேர்க்கிறார். சந்தேகம் வந்தால் வார்டுக்கு ஃபோன் போடுகிறார், அல்லது எழுந்து போய்க் கேட்கிறார். இதை வெளியே அனுப்ப வேண்டுமானால் கேஸ் ஷீட் முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேன் செய்ய ஓர் ஆள், மங்கிய கையெழுத்துக்கு ஒரு பிளாங்க், அதற்கு ஒரு பதில், மீண்டும் ஒரு பிரதி.

இதற்கிடையில் நோயாளி கட்டிலில் காத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டுத் துறை ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் நாம் அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. இறுதி பில்லோடு சம்மரியும் போகாமல் கேஷ்லெஸ் நகராது. ரவுண்ட்ஸில் காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் சொன்னவரின் சம்மரி பிற்பகல் இரண்டுக்குத் தயாரானால், அவர் மாலை ஐந்துக்கு முன் கிளம்புவது கடினம். எமர்ஜென்சியில் படுக்கைக்காக இன்னொருவர் காத்திருப்பார். நோயாளி குடும்பத்தின் கோபம் முழுவதும் டி.பி.ஏ. டெஸ்க்கில் இருக்கும் பெண்மீது விழும். இந்தச் செலவு எந்த லைன் விலையிலும் வராது.

சம்மரியை முந்தின நாளே முக்கால்வாசி முடித்துவைப்பதுதான் உள் அணியின் பெரிய பலம். நாளை போகிறவர் யார் என்று மாலை நான்கு மணிக்கு வார்டு சிஸ்டரிடம் பட்டியல் வாங்கி, சேர்ந்த காரணம், பரிசோதனைகள், சிகிச்சை வரை அடித்துவைத்துவிட்டால், காலையில் மருந்துப் பட்டியலும் அறிவுரையும் மட்டும் பாக்கி. இந்த ஒரு பழக்கம் இருந்தால் வெளி நிறுவனம் எவ்வளவு வேகமானாலும் உள் அணியோடு போட்டிபோட முடியாது.

கலந்து செய்தால் எவ்வளவு

சம்மரிக்கு மூன்று டைப்பிஸ்ட்: 75,000. 50,400 லைன்வரை தாங்குவார்கள், வேலை 49,000. ஸ்கேனும் ஓ.டி. நோட்ஸும் 38,700 லைன் வெளியே, 1.652 வீதம் 63,932. சீனியர் ஒருவர், இரண்டு பக்கத்தையும் அவரே பார்ப்பார்: 31,500. மொத்தம் 1,70,432, லைனுக்கு 1.94. மூன்றில் இதுவே குறைவு, ஆனால் அந்தச் சில ஆயிரத்துக்காக நாங்கள் இதைச் சொல்லவில்லை. டைப்பிஸ்ட் லீவு போட்டாலும், டெங்கு காலத்தில் டிஸ்சார்ஜ் கூடினாலும், வழிந்தோடுவதை வாங்கிக்கொள்ள வெளியே ஓர் இடம் தயாராக இருக்கிறது. இரவு சி.டி. ரிப்போர்ட்டுக்கு நாம் நைட் ஷிப்ட் டைப்பிஸ்ட் வைக்க வேண்டியதில்லை.

50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனை என்றால் கணக்கு வேறு. அங்கே ஒரு டைப்பிஸ்ட்டுக்கே முழு வேலை இருக்காது, அவரே எம்.ஆர்.டி.யையும் பார்த்துக்கொள்வார். சம்மரியை அவரிடம் விட்டுவிட்டு மற்றது முழுவதையும் வெளியே கொடுக்கலாம். தனி ஸ்கேன் சென்டருக்கோ வெளி நிறுவனமே போதும்.

பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் சாஃப்ட்வேர் ஸ்கேன் அறைக்குப் பொருந்தும், ஆனால் படித்துப் பார்க்க ஆள் இல்லாமல் அல்ல. 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 217 ஆவணங்களில் சாஃப்ட்வேர் மட்டும் எழுதியபோது பிழை 7.4 சதவீதம். டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் பார்த்த பிறகு 0.4. டாக்டர் கையெழுத்திட்ட பிரதியில் 0.3. பெரிய வேலை நடந்தது நடுவில் இருந்தவரிடம். அவரை எடுத்துவிட்டால் அந்த வேலை டாக்டர் தலையில் விழும், மணிக்கு 1,500 ரூபாய் வீதத்தில்.

தகவல் பாதுகாப்பு

நோயாளியின் தகவல் வெளி நிறுவனத்தில் கசிந்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனைதான். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை. இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2003-ல் கலிபோர்னியாவின் யு.சி.எஸ்.எஃப். மருத்துவ மையம் கொடுத்த வேலை, ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் என்று கைமாறிக் கராச்சியில் ஒருவரிடம் போனது. தனக்குக் கூலி வரவில்லை என்று அவர் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை இணையத்தில் போட்டுவிடுவதாக மிரட்டினார். தன் வேலை அங்கே போயிருப்பதே மருத்துவமனைக்குத் தெரியாது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கம்ப்யூட்டர் வைரஸ் தாக்குதலில் நுவான்ஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்கிரிப்ஷன் சேவை முடங்கி, அதையே நம்பியிருந்த அமெரிக்க மருத்துவமனைகள் மாற்று வழி தேடி ஓடின. 2023-ல் பி.ஜே. அண்ட் ஏ. என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்திலிருந்து சுமார் 90 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடுபோனது.

ஒப்பந்தத்தில் மூன்று வாக்கியம் கட்டாயம்: எழுத்து மூலமான அனுமதியின்றி வேறு யாருக்கும் வேலையைக் கைமாற்றக் கூடாது, ஆடியோவும் ஆவணமும் இத்தனை நாளுக்குள் அழிக்கப்பட வேண்டும், கசிவு தெரிந்த உடனே நமக்குச் சொல்ல வேண்டும். ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். சொந்த டைப்பிஸ்ட் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போவதும் அதே தவறுதான்.

நிறுவனத்தைச் சோதிக்கும் முறை

100 ஆடியோ எடுங்கள், அதில் 70 ஸ்கேன், 30 ஓ.டி. நோட்ஸ். குறைந்தது ஐந்து டாக்டர்கள். மிக வேகமாகப் பேசுபவரையும், இரவு இரண்டு மணிக்குப் பேசியதையும் கட்டாயம் சேருங்கள். நிறுவனமே தேர்ந்தெடுக்கும் மாதிரியை ஏற்காதீர்கள். அதே 100-ஐ உள் அணிக்கும் கொடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் டாக்டரிடம் கொடுங்கள். மேலே சொன்ன கூடாத பிழைகள், பிளாங்க்குகள், டாக்டர் திருத்த எடுத்த நிமிடங்கள், 65 எழுத்துக் கணக்கில் லைன் எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறியுங்கள்.

நேரத்தைச் சராசரியில் கேட்காதீர்கள். சராசரி மூன்று மணி என்றால் அதில் அரை மணியும் இருக்கும், பன்னிரண்டு மணியும் இருக்கும். 90 சதவீத ரிப்போர்ட் நான்கு மணிக்குள், ஒன்றுகூட எட்டு மணியைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பிளாங்க்கோடு திரும்பி வந்தது முடிந்ததாகக் கணக்கில் வரக் கூடாது. ஆடியோ தெளிவாக இருந்தும் மூன்றுக்கு மேல் பிளாங்க் இருந்தால் பில் இல்லை, கூடாத பிழை இருந்தால் அந்த ஆவணத்துக்குப் பணம் இல்லை என்பதும் சேரட்டும். டெம்ப்ளேட்டுகளும் நம் டாக்டர்களுக்காக அவர்கள் தயாரித்த சுருக்கெழுத்துப் பட்டியலும் நமக்குச் சொந்தம் என்று எழுதுங்கள், இல்லையென்றால் நிறுவனம் மாற்றும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மாறும்போது ஒரே நாளில் மாறாதீர்கள். முதல் வாரம் சி.டி., எம்.ஆர்.ஐ. மட்டும், மூன்றாவது வாரம் அல்ட்ராசவுண்ட், அது சீரானபின் ஓ.டி. நோட்ஸ். அதுவரை எந்த டைப்பிஸ்ட்டையும் அனுப்பிவிட வேண்டாம். அணி ஆறு பேரிலிருந்து மூன்றாகக் குறைகிறது என்றால், மிச்சம் மூவரில் ஒருவரை எம்.ஆர்.டி.க்கும், ஒருவரை டி.பி.ஏ. டெஸ்க்குக்கும் மாற்றுங்கள். கேஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே எப்போதும் குறைவு. மூன்றாமவரின் இடம், யாராவது தானாக விலகும்போது நிரப்பாமல் விட்டாலே சரியாகிவிடும்.